வலை வீசும் கப்பல்களே கடலை அளக்கும்போது

1930களில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹெர்ரிங் மீன் பிடித்துவந்தவர் ரொனால்ட் பால்ஸ். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவான மீன். பால்ஸ் தம் கப்பலில் ஓர் எதிரொலிக் கருவியைப் பொருத்தினார். கடலின் ஆழம் அறிவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. கீழே ஓர் ஒலித்துடிப்பை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஆழத்தைச் சொல்லும். ஆனால் தரையின் எதிரொலி வருமுன்பே நடுநீரிலிருந்தும் சில குறிகள் வருவதை பால்ஸ் கவனித்தார். அன்றிரவு வலையில் ஏறிய மீனின் அளவையும் அந்தக் குறிகளையும் அருகருகே எழுதிவைத்தார். பல பருவங்களில் சேர்ந்த அந்தக் குறிப்புகள் 1948ல், கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட் என்ற ஆய்வாளரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். லோஃபோட்டன் தீவுகளின் அருகே முட்டையிடக் கூடும் கோட் மீன்கள் ஓர் அடுக்காக நிற்பதை எதிரொலிப் பதிவில் கண்டு, 1935ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மீன்களை ஒலியால் காணும் அறிவியல், இப்படி மீனவர் கையிலும் ஆய்வாளர் கையிலும் ஒன்றாகவே பிறந்தது.

பின்னர் மீனவரும் ஆய்வாளரும் பிரிந்தார்கள். ஆய்வாளர்களுக்குத் தனிக் கப்பல்கள் வந்தன. அவர்களுடைய பதிவுகள் ஆவணக் காப்பகங்களுக்குப் போயின. மீனவர்களின் எதிரொலியோ திரையில் ஓடி மறைந்தது. மீன் இருக்கிறதா, வலை இறக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. உலகக் கடல்களில் ஒவ்வொரு நாளும் எத்தனையோ மீன்பிடிக் கப்பல்கள் இப்படிக் கடலின் உள்ளிருப்பைக் கேட்டுவிட்டுக் கேட்டதை உதறிவிடுகின்றன. அதைச் சேமித்து, சரிபார்த்து, அறிவியலாக்கும் முயற்சி கடந்த முப்பது ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கிறது. கடலைப் பற்றிய நம் அறியாமையின் பெரும்பகுதியைப் போக்கக்கூடிய முயற்சி அது.

ஆய்வுக் கப்பல் ஏன் போதாது?

கடலை வானிலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்கள் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் சொல்லும். அதற்குக் கீழே அவற்றுக்குக் கண் தெரியாது. சூரிய ஒளியே 200 மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஒலி அப்படியல்ல. கடல்நீரில் அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 100 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனின் எதிரொலி நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள் கப்பலுக்கு வந்துவிடும். ஆழ்கடலை விரைவாகவும் பரவலாகவும் அறிய ஒலியை விடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் ஒலியோடு கடலில் போக ஒரு கப்பல் வேண்டும். ஆய்வுக் கப்பல்கள் சில; அவற்றை ஒரு நாள் ஓட்டுவதற்கே பெருஞ்செலவாகும். அலாஸ்காவுக்கு அப்பாலுள்ள பெரிங் கடலில் உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகளுள் ஒன்றான பொல்லாக் மீன்பிடிப்பு நடக்கிறது. அங்கேகூட அரசின் எதிரொலி ஆய்வு பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட ஆண்டில் மீனின் நிலையை எப்படி அறிவது? வேறொரு ஆய்வுக்காக வாடகைக்கு எடுத்த மீன்பிடிக் கப்பல்களின் எதிரொலிப் பதிவுகளை அங்குள்ள ஆய்வாளர்கள் 2006 முதல் சேகரித்தார்கள். ஆய்வுக் கப்பல் சொன்ன ஏற்ற இறக்கத்தோடு இந்தக் கப்பல்கள் சொன்னது நன்கு ஒத்துப்போயிற்று. எனவே இந்தப் பதிவிலிருந்து கிடைக்கும் குறியீடும் மீன்வளக் கணக்கில் இடம்பெற்றது.

எதிரொலியில் மீன் எப்படித் தெரிகிறது?

மீனின் சதையும் கடல்நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மீனைக் காட்டிக்கொடுப்பது அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. நீரில் மிதப்பதற்கு உதவும் அந்தப் பைதான், அதை உடைய மீன்களின் எதிரொலியில் 10ல் 9 பங்குக்கும் மேல் தருகிறது. அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு அந்தப் பை இல்லை. ஆகவே அதே எடையுள்ள ஹெர்ரிங் கூட்டத்தை விட அது மிக மெல்லிய எதிரொலியே தரும்.

இங்கே அதிர்வெண் கைகொடுக்கிறது. மீன்வள ஆய்வில் மிகுதியாகப் பயன்படும் 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4 சென்டிமீட்டர். 200 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. காற்றுப்பை உள்ள மீன் 38ல் பளிச்சென்று தெரியும். கானாங்கெளுத்தி 200ல் ஓங்கித் தெரியும். அண்டார்டிக் கடலின் கிரில் என்னும் சிற்றிறால் போன்ற உயிர் 38ல் மங்கலாகவும் 120ல் தெளிவாகவும் தோன்றும். ஒரே கூட்டத்தை இரண்டு மூன்று அதிர்வெண்களில் கேட்டால், எதிரொலிகளின் வேறுபாட்டிலிருந்து அது எந்த இனமாக இருக்கலாம் என்று பிரிக்க முடியும். ஆனால் அதிர்வெண் கூடக்கூடக் கடல்நீர் ஒலியை விரைவாக விழுங்கிவிடும். 38 கிலோஹெர்ட்ஸ் ஆயிரம் மீட்டர் ஆழம் வரை பயன்தரும். 200 சில நூறு மீட்டரிலேயே ஓய்ந்துவிடும்.

இனம் தெரிந்தபின் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கான மீன்கள் நெருங்கி நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டியதில்லை. கூட்டத்திலிருந்து வரும் எதிரொலி ஆற்றல்கள் கூட்டலாகச் சேர்கின்றன. மொத்த ஆற்றலை ஒரு மீனின் ஆற்றலால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஒரு மீனின் ஆற்றல் அதன் நீளத்தைப் பொறுத்தது; நீளம் இரு மடங்கானால் எதிரொலி ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் வலையில் சிறிதளவு மீனை எடுத்து, இனத்தையும் நீளத்தையும் அளந்து பார்ப்பது இந்தக் கணக்கின் தவிர்க்க முடியாத பாகம். மீன்பிடிக் கப்பலிடம் அந்த வலை எப்போதும் இருக்கிறது.

படிக்கல் இல்லாத தராசு

மீன்பிடிக் கப்பலின் திரையில் தெரியும் வண்ணத்துக்கும் அறிவியலுக்கு வேண்டிய எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துச் சரிபார்க்காத தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மட்டும் சொல்லும். எத்தனை கிலோ என்று சொல்லாது. எதிரொலிக் கருவிக்கும் படிக்கல் உண்டு. டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினப் பொருளால் ஆன, 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குண்டு அது. அது எவ்வளவு எதிரொலி தரும் என்பது இயற்பியல் கணக்கால் துல்லியமாகத் தெரியும். அமைதியான நீரில் கப்பலை நிறுத்தி, மூன்று மெல்லிய நைலான் இழைகளில் அந்தக் குண்டைக் கட்டி, கப்பலின் அடியில் ஒலி பாயும் பாதைக்கு நேராகத் தொங்கவிடுவார்கள். கருவி காட்டுவதும் கணக்கு சொல்வதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்த வேறுபாட்டைப் பதிவுகள் முழுவதிலும் திருத்துவார்கள்.

இந்தத் திருத்தத்தைத் தவறவிட்டால் பிழை பெரிதாகும். ஒரு டெசிபல் கூடுதலாகக் காட்டும் கருவி, கடலில் உள்ள மீனைக் கால் பங்கு கூட்டிச் சொல்லும். மூன்று டெசிபல் என்றால் மீன் இருமடங்காகத் தெரியும். இல்லாத மீனை நம்பிப் பிடிக்க அனுமதித்தால் அடுத்த தலைமுறை மீனே இல்லாமல் போகும்.

2000க்குப் பின் வந்த மீன்பிடிக் கப்பல்களின் எண்ணியல் கருவிகள் பல, ஆய்வுக் கப்பல்களின் கருவிகளுக்கு உள்ளமைப்பில் மிக நெருக்கமானவை. மீன்பிடிக் கப்பல்களின் பதிவுகள் அறிவியலுக்குத் தகுதி பெற்றதற்கு அதுவே முக்கியக் காரணம். அதிலும் விழிப்பு தேவைப்பட்டது. பரவலாக விற்ற ஒரு கருவியின் பதிவில், முக்கோண அலைபோல மெல்ல ஏறி இறங்கும் ஒரு பிழை மறைந்திருந்தது. 2720 துடிப்புகளுக்கு ஒருமுறை அது சுழன்று வரும். உச்சத்துக்கும் அடிக்கும் இடையே ஒரு டெசிபல் வேறுபாடு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து, பதிவிலிருந்து நீக்கும் வழியை 2004ல் தந்தார்கள். திரையைப் பார்த்து மீன் பிடிப்பவருக்கு அந்தப் பிழை ஒருபொருட்டே அல்ல. மீன்வளத்தை எண்ணாகச் சொல்ல வேண்டியவருக்கு அது பெரிய விஷயம்.

இரைச்சல் இன்னொரு தடை. ஆய்வுக் கப்பல்களை அமைதியாக ஓடும்படி கட்டுகிறார்கள். மீன்பிடிக் கப்பலின் இயந்திரமும் சுழல்விசிறியும் அப்படியல்ல. காற்று ஓங்கினால் கப்பலின் அடியில் குமிழிகள் புகுந்து ஒலியை மறைக்கும். அருகே ஓடும் பிற சோனார்கள் குறுக்கிடும். இவை எல்லாவற்றையும் கையாளும் முறைகளைத் தொகுத்து, அதே பன்னாட்டு மன்றம் 2007ல் ஒரு வழிகாட்டி அறிக்கை வெளியிட்டது. பால்ஸின் கட்டுரை வந்த இதழை நடத்திய மன்றமே, ஆறு பதிற்றாண்டுகளுக்குப் பின் மீனவர் கப்பலின் எதிரொலியை அறிவியலாக ஏற்பதற்கான விதிகளையும் எழுதியது.

முதலில் அளந்து, பிறகு பிடி

இந்த முறை வெற்றி பெற்ற இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் ஃபண்டி வளைகுடா. 1990களின் நடுவில் நோவா ஸ்கோஷியாவின் ஹெர்ரிங் நிலை கவலை தந்தது. ஹெர்ரிங் சரளைக்கல் தரையில், குறிப்பிட்ட சில இடங்களில் திரண்டு முட்டையிடும். ஸ்காட்ஸ் பே, ஜெர்மன் பேங்க், டிரினிட்டி லெட்ஜ் என்று அந்த இடங்களுக்குப் பெயர் உண்டு. சுருக்குமடிக் கப்பல்கள் அந்தத் திரட்சியைத்தான் தேடிப் போகும். ஓரிடத்தில் கூடும் மீன் எவ்வளவு என்று தெரியாமல் வலை விரித்தால், அந்த இடத்துக் கூட்டமே அழிந்துபோகும் அபாயம் இருந்தது. கூட்டம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடம் வைத்திருப்பதால், ஒன்று அழிந்தால் மற்றொன்று வந்து அதை நிரப்பிவிடாது.

அப்போது மீனவர்களும் அரசின் ஆய்வாளர்களும் சேர்ந்து வகுத்த விதி 1995ல் நடைமுறைக்கு வந்தது: முதலில் அளந்து பார், பிறகு மதிப்பிடு, அதன்பின் பிடி. கப்பல்கள் வரிசையாக நின்று, முட்டையிடும் இடத்தின் குறுக்கே இணையான கோடுகளில் இரவில் ஓடும். சில கப்பல்களில் எதிரொலியைத் தானாகவே பதிந்துவைக்கும் கருவி பொருத்தினார்கள். அந்தப் பதிவிலிருந்து அன்று அங்கு எவ்வளவு மீன் நின்றது என்று கணக்கிட்டு, அதிலிருந்து எடுக்கத் தகுந்த அளவைத் தீர்மானித்தார்கள்.

இதிலும் சிக்கல் உண்டு. முட்டையிட வரும் மீன் ஓரிடத்தில் எவ்வளவு நாள் தங்கும்? ஒரு கூட்டம் முட்டையிட்டுப் போனதும் அடுத்த கூட்டம் வருகிறது. சுமார் 10 முதல் 14 நாள் இடைவெளியில் ஆய்வு நடத்தினால் புதிய மீன்களையே எண்ணுகிறோம் என்று எடுத்துக்கொண்டு, எல்லா ஆய்வுகளையும் கூட்டினார்கள். மீன் அதைவிடக் கூடுதலாகத் தங்கினால் ஒரே மீனை இருமுறை எண்ண நேரும். இந்தக் கேள்வியைக் கேட்டதும், அதற்காக மீன்களுக்கு அடையாளம் கட்டி விட்டுப் பார்த்ததும் இந்த முறையின் நேர்மைக்குச் சான்று. ஓர் ஆய்வுக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தென்துருவக் கடலில்

கப்பல்கள் கூடினால் எவ்வளவு பெரிய பரப்பை அளக்கலாம் என்பதை அண்டார்டிகா காட்டியது. பெங்குயின், சீல், திமிங்கிலம் எனப் பலவற்றுக்கும் அங்கே கிரில்தான் முக்கிய உணவு. அதையே மனிதர்களும் பிடிக்கிறார்கள். 2000ல் தென் அட்லாண்டிக்கை ஒட்டிய பகுதியில் பல நாட்டு ஆய்வுக் கப்பல்கள் சேர்ந்து ஒரு பெரிய எதிரொலி ஆய்வு நடத்தின. அதன் மதிப்பீடு, பின்னர் திருத்தியபோது, சுமார் 60.3 மில்லியன் டன். அவ்வளவு பெரிய ஆய்வை மறுபடி நடத்தப் பணமும் கப்பலும் சேராமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

2018-19 கோடையில் நடந்த இரண்டாவது ஆய்வில் நார்வே, பிரிட்டன், உக்ரைன், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளோடு கிரில் பிடிக்கும் நிறுவனங்களின் சங்கமும் கைகோத்தது. ஆய்வுக் கப்பல்களோடு மீன்பிடிக் கப்பல்களும் கோடு பிடித்து ஓடின. மொத்த ஓட்டம் 19,500 கிலோமீட்டர். 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 62.6 மில்லியன் டன் கிரில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அந்தப் பகுதியில் பிடிப்பைக் கட்டுப்படுத்தும் வரம்பு ஆண்டுக்கு 6,20,000 டன்; கணக்கிட்ட இருப்பில் அது ஒரு விழுக்காடு அளவே.

மொத்தத்தைப் பார்த்து மட்டும் ஆறுதல் கொள்ள முடியாது. கிரில் பிடிப்பு கடல் முழுவதும் பரவி நடப்பதில்லை. பெங்குயின்கள் குஞ்சு பொரிக்கும் கரைகளுக்கு அருகிலும் குவிகிறது. ஒரு தீவைச் சுற்றி, ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தெற்கு ஆர்க்னி தீவுகளைச் சுற்றி 2011 முதல் நார்வே ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வுக்குக் கிரில் கப்பல்களே உதவியிருக்கின்றன. எங்கே பிடிப்பு நடக்கிறதோ அங்கேயே அளப்பும் நடப்பது இயற்கைக்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை.

போகிற வழியில்

மீன் பிடிக்கும் நேரத்தைவிட, மீன் பிடிக்கும் இடத்துக்குப் போகும் நேரம் அறிவியலுக்குச் சில வேளை கூடுதல் பயன் தரும். மீன்பிடிக்கையில் கப்பல் மீனை நோக்கியே ஓடும். அந்தப் பதிவை அப்படியே எடுத்தால் கடல் முழுக்க மீன் நிறைந்ததாகத் தோன்றும். துறைமுகத்திலிருந்து மீன்பிடி இடத்துக்கு நேர்கோட்டில் போகும் பயணத்தில் அந்தச் சாய்வு இல்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே டாஸ்மன் கடலைக் கடந்த ஒரு மீன்பிடிக் கப்பலின் பதிவுகளைக் கொண்டு, அந்தக் கடலின் நடுநீர் உயிர்களை ஆராய்ந்த கட்டுரை 2009ல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கடற்கண்காணிப்புத் திட்டம் மீன்பிடிக் கப்பல்களையும் பிற கப்பல்களையும் சேர்த்து, அளவுத்திருத்தம் செய்த எதிரொலிப் பதிவுகளை ஒழுங்காகச் சேகரிக்கத் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியும் அந்தப் பாதைகளில் அடங்கும். பதிவுகள் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்திருக்கின்றன.

அந்தப் பதிவுகளில் தெரிவது ஆழக்கடலின் உயிரடுக்கு. இரண்டாம் உலகப் போரின்போது 1942ல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக்காக ஆய்ந்தவர்கள், நடுநீரில் தரையைப் போலவே எதிரொலிக்கும் ஓர் அடுக்கைக் கண்டார்கள். அது அந்தி சாயும்போது மேலே எழுவதையும் விடியலில் கீழே இறங்குவதையும் 1945ல் மார்ட்டின் ஜான்சன் காட்டினார். எழுவதும் இறங்குவதும் உயிர்கள்தான் என்று உறுதியாயிற்று. விளக்குமீன்கள், கணவாய்கள், சிற்றிறால்கள், சொரிமீன் இனத்தவை எல்லாம் இரவில் மேலே வந்து இரை தின்று, பகலில் இருளுக்குள் இறங்குகின்றன. உண்ட உணவிலுள்ள கரிமத்தைத் தம்மோடு ஆழத்துக்குக் கொண்டுபோவதால் பூமியின் தட்பவெப்பத்திலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

அங்கே எவ்வளவு மீன் இருக்கிறது? 1980ல் சொன்ன மதிப்பீடு சுமார் ஒரு பில்லியன் டன். 2010-11ல் உலகைச் சுற்றிய மாலஸ்பினா ஆய்வுப் பயணத்தின் எதிரொலிகளை வைத்து 2014ல் வெளிவந்த ஆய்வு, அது 10 பில்லியன் டன்னோ அதற்கும் மேலோ இருக்கலாம் என்றது. பத்து மடங்கு வேறுபாடு! உடலில் வாயுக்குமிழி வைத்திருக்கும் சில சொரிமீன் வகைகளும் மீனைப் போலவே எதிரொலிப்பதால் இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஒரு பயணத்தால் இது தீராது. பல கப்பல்கள், பல கடல்களில், பல ஆண்டுகள் பதிவு செய்து தர வேண்டும்.

யாருடைய எதிரொலி?

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது நம்பிக்கை. எங்கே மீன் கிடைத்தது என்பது மீனவரின் முதலீடு. அதை வெளியே சொன்னால் அடுத்த நாள் அங்கே பத்துக் கப்பல் நிற்கும். அந்தப் பதிவை வைத்தே தம் பிடிப்பு அளவைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. இரண்டு அச்சங்களும் நியாயமானவை. இடத்தைச் சில காலம் மறைத்துவைப்பது, தனிக் கப்பலின் பதிவை வெளியிடாமல் தொகுத்த முடிவை மட்டும் வெளியிடுவது என்று வழிகள் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றையும் விட ஒன்று முக்கியம்: பதிவைத் தந்தவருக்கு முடிவெடுக்கும் இடத்திலும் ஓர் இருக்கை வேண்டும். ஃபண்டி வளைகுடாவில் மீனவர்கள் தூக்கம் கெடுத்துக் கோடு பிடித்து ஓடியதற்கு, அந்த எண்கள் தங்கள் கண்முன்னே பயன்பட்டதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நம் கரையில் இதற்கு இடம் உண்டு. தமிழகத்தின் விசைப்படகுகள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸோடு எக்கோ சவுண்டரும் இருக்கிறது. மீன் கிடைக்கக்கூடிய இடம் பற்றி ஹைதராபாத்திலிருந்து வரும் அறிவிப்புகள் செயற்கைக்கோள் காட்டும் மேற்பரப்பை நம்பியே வருகின்றன. பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், கரைக்கு வந்த மீனைப் பல பதிற்றாண்டுகளாக எண்ணி வருகிறது. கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும் மீனைச் சொல்ல எதிரொலி வேண்டும்.

குளிர்நாட்டு முறையை இங்கே அப்படியே எடுத்துவைக்க முடியாது. அங்கே ஒரு கூட்டம் பெரும்பாலும் ஒரே இனம். இங்கே ஓர் இழுவையில் பல பத்து இனங்கள் ஏறும். நம் கடற்கரையோரம் ஆழமும் குறைவு. பல படகுகளின் கருவிகள் திரையில் காட்டுவதோடு சரி, பதிந்துவைப்பதில்லை. ஆகவே சிறிதாகத் தொடங்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அவற்றில் சிலவற்றை உரிய அனுமதியோடும் கூலியோடும் எடுத்து, பதிவு செய்யும் கருவி பொருத்தி, குண்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்து, ஆய்வாளரையும் ஏற்றிக்கொண்டு, ஆண்டுதோறும் அதே கோடுகளில் ஓடச் செய்யலாம். எந்தக் குறி எந்த மீன் என்று பிரிக்கும்போது, அந்தத் திரையைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய, படகை ஓட்டும் ஸ்ராங்கின் கண்ணும் கணக்கில் சேர வேண்டும். தடைக்காலம் பயன் தருகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் எழும் வாதத்துக்கு, மீனவரும் அரசும் சேர்ந்தே எடுத்த எண் ஒன்று அப்போது விடையாக நிற்கும். தங்கள் படகே அளந்த எண் என்பதால் மீனவர்கள் அதை நம்புவார்கள்; முறைப்படி சரிபார்த்த எண் என்பதால் அறிவியலும் அதை ஏற்கும். மீன்வளத்தைக் காக்கும் எந்தச் சட்டமும் நிலைப்பதற்கு இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒருசேர வேண்டும்.